பூச்சி அன்ரி

ஒருவரைப் பார்த்ததும் சிலர் ஊரைக் கேட்பார்கள், சிலர் சம்பந்தம் கலக்கப் பார்ப்பார்கள். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த அந்த அம்மாவுக்கு வயிறுதான் முதலில் ஞாபகம் வரும். அந்த வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு காலமாக இருக்கிறது, அதை எப்படி வெளியில் எடுப்பது என்ற யோசனையோடுதான் அவர் எவரோடும் பேச்சைத் தொடங்குவார்.

கட்டடத்துப் பிள்ளைகள் அவரைப் பூச்சி அன்ரி என்றார்கள். அவருக்கு அது தெரியும். கோபமில்லை. பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இப்போது மகனோடு கனடாவில் இருக்கிறார். யாராவது இதை வாசித்துக் காட்டினால் முதலில் பிழைதான் பிடிப்பார்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்தது அந்தக் கட்டடம். நாங்கள் குடிவந்த கிழமை, நானும் மகள் அபியும் லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். அபி அப்போது முதலாம் வகுப்பு. மூன்றாம் மாடியில் கதவு திறந்து, பருத்திச் சேலையும் கறுத்த கைப்பையுமாக மெலிந்த ஒருவர் ஏறினார். அபியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"பிள்ளை நித்திரையில பல்லு நெருமுறவவோ?"

ஓம் என்றேன். அடுத்த கேள்வி, பிள்ளை பின்பக்கம் சொறிகிறதா என்பது. லிஃப்டில் எங்களுக்குத் தெரியாத ஒரு ஆணும் நின்றார். நான் பதில் சொல்லவில்லை. பதில் அவருக்குத் தேவைப்படவும் இல்லை. கைப்பையைத் திறந்து நகவெட்டியை எடுத்து, கீழே போய்ச் சேருவதற்குள் அபியின் வலக்கை நகம் முழுவதையும் வெட்டி, துண்டுகளை ஒரு கடதாசியில் மடித்து எனக்கே தந்துவிட்டார். மற்றக் கையை வீட்டில் வெட்டிவிடச் சொன்னார். பிறகு "சரி, வைக்கிறன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இளைப்பாறும்வரை அவர் தொலைபேசி இணைப்பகத்தில் ஒப்பரேட்டராக இருந்தவர். எதிரில் நிற்கிறவரிடம்கூடப் பேச்சை முடிக்கும்போது அப்படித்தான் சொல்வார்.

அன்று பின்னேரம் ஒரு சின்னப் போத்தலோடு வந்தார். பப்பாசி விதையைக் காயவைத்து இடித்துத் தேனில் குழைத்திருந்தார். அவர் போன பிறகு அபியைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. வெள்ளை நூல் துண்டுகள் போலக் கீரிப்பூச்சிகள் இருந்தன. பெரிய தெருவான காலி வீதியில் உள்ள பார்மசியில் என் கணவரும் சேர்த்து மூன்று பேருக்கும் பூச்சிக் குளிசை வாங்கிக் குடித்தோம். தேன் பிடித்துப் போனதால் அபி போத்தலையும் நக்கி முடித்தாள். பூச்சி போய்விட்டது. குளிசையும் கொடுத்ததை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் பெருந்தன்மையோடு கேட்டுக்கொண்டார்.

"குளிசை மயக்கும், பிள்ளை. விதைதான் துரத்தும்."

இது அவருடைய கொள்கை. குளிசை குடித்தால் பூச்சி மயங்கிக் கிடந்துவிட்டு, மருந்தின் வேகம் குறைந்ததும் திரும்ப எழும்பும். விதை, வேர், எண்ணெய் என்று போனால்தான் அது வீட்டைக் காலி செய்யும். அமாவாசையிலும் பௌர்ணமிப் பறுவத்திலும் பூச்சி தலை தூக்கும் என்பதால் மருந்தெல்லாம் அந்த நாட்களை ஒட்டித்தான் கொடுப்பார். கீரையை மூன்று தண்ணீரில் கழுவுவார். மூன்றாவதில் உப்பும் மஞ்சளும் போடுவார். பச்சையாக எதையும் சாப்பிட மாட்டார். கலியாண வீட்டுக்குச் சுடுதண்ணீர்ப் பிளாஸ்கோடு போய், மணமக்களுக்கு அறுகரிசி போட்டு, அந்தத் தண்ணீரையே குடித்துவிட்டு வந்துவிடுவார். காலி முகத்திடல் கடற்கரையில் அன்னாசித் துண்டு விற்ற ஒருவரிடம், ஈயைக் காட்டிச் சிங்களத்தில் நீண்ட நேரம் கதைத்து, கடைசியில் மூடி போட்ட பெட்டி வாங்குவதாக அந்த ஆளிடமிருந்து வாக்கும் வாங்கியிருக்கிறார்.

அவருடைய குளியலறையை வேறு எவரும் பாவிக்க முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மச்சாள் ஒருவர் தங்கிய ஒரு கிழமை, ஏழு நாளும், காலையில் துவாயோடு எங்கள் வீட்டுக்குத்தான் ஏறி வந்தார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு மனத்தாங்கலும் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்படி ஒருவர் இருந்தால் சனம் காரணம் தேடும். கீழ்த்தளத்தில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் என்னிடம் இரகசியமாகச் சொன்னார்: யுத்தத்து இடப்பெயர்வு நேரம் அன்ரியின் ஒரு பெண்பிள்ளை பூச்சி முற்றிக் குடல் அடைத்துச் செத்ததாம். ஒரு வருடத்துக்கு மேலாக நான் அதை நம்பினேன். அவர் அபியின் நகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையை நினைத்துக்கொள்வேன். ஒருநாள் அவர் வீட்டில் மருந்துக்கு வாய்விடங்க விதை புடைத்துக்கொண்டிருந்தபோது, மெல்ல அந்தக் கதையைத் தொட்டேன். அவர் சுளகை நிறுத்தினார்.

"ஆர் சொன்னது? எனக்கு ஒரே மகன். அவன் கனடாவில நல்லாச் சாப்பிட்டு உருண்டுபோய் இருக்கிறான். எங்கட வீட்டில பூச்சியால ஒருத்தரும் சாகேல்ல."

"அப்ப ஏன் அன்ரி இவ்வளவு?"

"அருவருப்பு, பிள்ளை. கேக்காமல் உள்ளுக்கு வந்து இருந்து தின்னுற சீவன். நினைச்சாலே எனக்கு உடம்பு கூசும். அவ்வளவுதான்."

மருந்துச் சரக்குக்குக் கொட்டாஞ்சேனைக்குத்தான் போவார். வெள்ளவத்தைக் கடைகளில் உள்ளது பழசு என்பார். ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் போக இருந்த ஒரு நாளில் நானும் கூடப் போனேன். இரண்டு பஸ் மாறி, ஒரு சந்துக்குள் இருந்த நாட்டு மருந்துக் கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரர் நரைத்த தாடியோடு ஒரு முஸ்லிம்; அன்ரிக்கு அவர் 'நானா', அண்ணன் முறை. இவரைக் கண்டதும் கேட்காமலே மாதுளம் வேர்ப்பட்டையையும் வாய்விடங்கத்தையும் எடுத்து வைத்தார். நீண்ட காலப் பழக்கம் என்று தெரிந்தது. விளக்கெண்ணெய்ப் போத்தலைக் கட்டும்போது, பேதிக்குக் கொடுப்பதென்றால் ஆளைப் பார்த்துக் கொடுக்கும்படி சொன்னார். உடம்பில் இரத்தம் இல்லாதவர்களுக்கு அது சரிவராதாம். எல்லாருக்கும் சொல்வதைப்போலத்தான் சொன்னார். இவர் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குச் சொல்லித் தரவேண்டாம் நானா" என்றார். கடைக்காரர் சிரித்தார்.

பிறகு மருந்துத் தட்டுப்பாடு வந்த வருடம். பார்மசிகளில் கேட்ட மருந்து இருக்காது, இருக்கிற மருந்து கேட்டதாக இருக்காது. கரண்டும் இல்லை. லிஃப்ட் பாதி நாள் நின்றது. எல்லோரும் படியால் ஏறினார்கள், மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்றார்கள். அவர் கதவைத் திறந்து வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். நிற்கிற ஒவ்வொருவருடைய கீழ் இமையையும் பெருவிரலால் இழுத்துப் பார்ப்பார். முன்பு அவரைக் கண்டால் லிஃப்ட் கதவை அவசரமாக மூடியவர்கள் இப்போது தாங்களாக முகத்தை நீட்டினார்கள். முதலாம் மாடியில் இருந்த டொக்டரின் மனைவிகூட ஒருநாள் கிண்ணத்தோடு வந்து நின்றதைக் கண்டேன். அந்த மாதங்களில் அவர் நல்ல சந்தோஷமாக இருந்தார் என்றே சொல்லவேண்டும்.

லெச்சுமி அந்தப் படிகளில்தான் அவருடைய கண்ணில் பட்டாள்.

நாலாம் மாடியில் ஒரு கணக்காளர் குடும்பத்தில் தங்கி வேலை செய்தவள் லெச்சுமி. ஊர், ஹற்றன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு பிள்ளைகளும் அவளுடைய தாயோடு தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தார்கள். லிஃப்ட் இல்லாத நாட்களில் அரிசி மூட்டையிலிருந்து தண்ணீர்ப் போத்தல் வரை அவள்தான் தூக்கினாள். ஒருநாள் மூன்றாம் மாடிப் படியில் பையை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேலே வீட்டுக்காரி, இவளுக்கு இப்போது சோம்பல் கூடிவிட்டது என்று எனக்கும் சொல்லியிருந்தார். அன்ரி எழும்பிப் போய் இமையை இழுத்தார். நானும் அங்கே நின்றேன். உள்ளே சிவப்பே இல்லை. கடதாசி மாதிரி இருந்தது.

தோட்டத்தில் செருப்புப் போடுவாளா, கக்கூஸ் எங்கே, மண் தின்ன ஆசை வருமா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு லெச்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கொக்கிப்புழு. உள்ளுக்கு இருந்து இரத்தம் குடிக்குது."

அடுத்த நாளே வைத்தியம் தொடங்கியது. வெறும் வயிற்றில் வாய்விடங்கப் பொடியும் தேனும். பிறகு மாதுளம் வேர்ப்பட்டைக் கசாயம். பறுவத்தன்று விளக்கெண்ணெய். லெச்சுமி அன்று முழுக்கக் குளியலறைக்கும் சமையலறைக்குமாக ஓடி, அதற்கிடையில் சமைத்தாள். மேல்வீட்டுக்காரிக்கும் இது வசதியாக இருந்தது. கிளினிக்குக்கு என்று லீவு கொடுக்கத் தேவையில்லை. என் கணவர், இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதுதான் சரி என்றார். நான் போய் அன்ரியிடம் சொன்னேன்.

"ஆஸ்பத்திரியில இப்ப மருந்து இருக்கே, பிள்ளை? நாள் முழுக்க வரிசையில நிண்டுபோட்டு வெறுங்கையோட வருவா."

அந்த நாட்களில் அது நடக்காத காரியமும் இல்லை. நான் எங்கள் வீட்டுக்கு ஏறிப் போனேன்.

அடுத்த அமாவாசைக்கு ஒரு பேதி, அதற்கடுத்த பறுவத்துக்கு இன்னொன்று. லெச்சுமியின் முகம் ஊதியது. காலில் விரலால் அமத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. செத்த பூச்சியின் நஞ்சு இறங்குகிறது, இது நல்ல குறி என்றார் அன்ரி. அவர் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். தினமும் அவளுக்கு மோர் கரைத்து வைத்துவிட்டுப் படியில் காத்துக்கொண்டு இருந்தார்.

ஒரு சனிக்கிழமைக் காலை, சந்தைப் பையோடு ஏறிவந்த லெச்சுமி இரண்டாம் மாடியில் விழுந்தாள். கத்தரிக்காய்கள் படிப் படியாக உருண்டு கீழே போயின. அதிபரும் என் கணவரும் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றினார்கள். நானும் அன்ரியும் கூடப் போனோம். அவளுடைய தலை அன்ரியின் மடியில் இருந்தது. வழி முழுக்க அவளுடைய கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார்.

அன்றே இரத்தம் ஏற்றினார்கள். பரிசோதனை முடிவு வந்த நாளில் நாங்கள் வார்டில் இருந்தோம். சின்ன வயது டொக்டர், சிங்களப் பெண். கொக்கிப்புழு, அதுவும் நிறைய என்றார். அன்ரியின் முகம் மலர்ந்தது. நான் அதைப் பார்த்தேன். இரத்தப் பை தொங்கிய கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவர் சிரித்தார். தான் முதல் நாளே சொன்னதை, கொடுத்த மருந்துகளை, பேதிகளை எல்லாம் நல்ல சிங்களத்தில் ஒன்றும் விடாமல் டொக்டருக்குச் சொன்னார்.

டொக்டர் குறுக்கிடாமல் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அம்மா நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்றார். அதுதான் தனக்கு விளங்கவில்லை என்றார். கொக்கிப்புழு என்று தெரிந்த அன்றே பூச்சிக் குளிசையும், பிறகு சில மாதத்துக்கு இரும்புக் குளிசையும் கொடுத்திருந்தால் இவள் இங்கே வந்திருக்கவே மாட்டாள். அந்த வேர்ப்பட்டையும் பொடியும் இந்தப் புழுவை ஒன்றும் செய்யவில்லை. எண்ணெய்தான் செய்தது, புழுவுக்கு அல்ல, இவளுக்கு. இருந்த கொஞ்சப் பலத்தையும் நீரையும் அது எடுத்துவிட்டது. இதயம் ஏற்கெனவே தத்தளித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு பேதி தாங்கியிருக்காது.

அன்ரி, அந்தக் குளிசையைத் தான் பார்க்கலாமா என்று கேட்டார். தாதி காட்டினார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். டொக்டரிடம் விடைபெறும்போது 'வைக்கிறன்' என்று சொல்லவில்லை.

திரும்பும்போது முச்சக்கரவண்டி பம்பலப்பிட்டியைத் தாண்டியது. அன்ரி எனக்குச் சொல்வதுபோல வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மயக்கிறதில்லையாம், பிள்ளை. கொல்லுதாம்."

லெச்சுமியை மேல்வீட்டுக்காரர் திரும்ப எடுக்கவில்லை. பூச்சி உள்ள ஆளைச் சமையலறையில் வைத்திருக்க முடியாதாம். கையால் கைக்குத் தொற்றுகிற புழு இல்லை இது, மண்ணிலிருந்து காலால் ஏறுவது என்று டொக்டர் சொன்னதை நான் போய்ச் சொன்னேன். அவர்கள் அதற்குள் அவளுடைய உடுப்புப் பையைக் கட்டிப் படியில் வைத்திருந்தார்கள். நான் இறங்கி வந்தபோது பை அங்கே இல்லை. அன்ரி எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

"என்ர வீட்டில இருக்கட்டும்."

"உங்கட பாத்ரூம், அன்ரி?"

"ஒண்டுதானே இருக்கு. அதிலதான் போவா."

முதல் சில கிழமைகள் மூன்றாம் மாடி முழுக்கக் கிருமிநாசினி மணத்தது. லெச்சுமி வெளியே வந்த உடனே அன்ரி வாளியோடு உள்ளே போவாராம். பிறகு ஒருநாள் போகவில்லையாம். ஏன் என்று லெச்சுமிக்கும் தெரியாது. அன்று அவருக்கு முழங்கால் வலி என்று நினைத்தாளாம். அடுத்த நாளும் போகவில்லை. காலையில் இரும்புக் குளிசையைக் கையில் கொடுத்து, விழுங்கி முடிக்கும்வரை முன்னால் நிற்பார். வாழ்நாள் முழுக்கச் சைவமாக இருந்தவர், சந்தையில் ஈரல் வாங்கி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு கறி வைத்தார். உப்புப் பார்க்கிறது மட்டும் லெச்சுமியின் வேலை.

அவர் குளிக்கப் போயிருந்த ஒரு நேரம், கோபம் இல்லையா என்று லெச்சுமியிடம் கேட்டேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"கோவம் வந்துச்சுங்க. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, இந்தம்மா என்னயக் கொன்னுருப்பாங்களேன்னு அழுதேன்." ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். "ஆனா வெளுத்துப் போய் ஆறு மாசமா இந்தப் படியிலதான ஏறி எறங்குனேன். எல்லாரும் பாத்தாங்க. ஏன்டி வெளுத்துப் போயிருக்கன்னு கேட்டது இவங்க மட்டுந்தாங்க."

எனக்கும் சேர்த்துத்தான் அதைச் சொன்னாளா என்று தெரியவில்லை. முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

லெச்சுமிக்கு நிறம் திரும்பிய பிறகு, அவளுடைய வீட்டாருக்கும் மருந்து வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தது அன்ரிக்கு ஓயாத யோசனையாக இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுப்பார்கள் என்று லெச்சுமி சொன்னாள். கொடுத்தார்களா, பிள்ளைகள் விழுங்கினார்களா என்பதைத் தான் நேரில் பார்க்கவேண்டும் என்றார். கட்டடத்தை விட்டு ஒரு இரவுகூட வெளியில் தங்காதவர், கோட்டை நிலையத்தில் ரெயில் ஏறினார். கையில் சுடுதண்ணீர்ப் பிளாஸ்க். லெச்சுமியின் தலையில் ஒரு பெரிய பை. அது முழுக்கப் பிள்ளைகளுடைய றப்பர் செருப்பு, எல்லா அளவிலும்.

திரும்பி வந்ததும் எப்படிப் பயணம் என்று கேட்டேன். குளிர் என்றார். மழை என்றால் அப்படி ஒரு மழை என்றார். பிறகு, ஏதோ களவு செய்ததைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தி, "தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் தந்தினம். சாப்பிட்டன்" என்றார். மீதியை லெச்சுமிதான் சொன்னாள்.

லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் வந்து செருப்பு வாங்கிக்கொண்டார்கள். குளிசையைத் தன் முன்னாலேயே விழுங்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். மண்ணில் என்ன இருக்கிறது, அது பாதத்தைத் துளைத்து எப்படி ஏறுகிறது என்று நீண்ட நேரம் விளக்கினார். பெரியவர்களும் நின்று மரியாதையாகக் கேட்டார்கள். மறுநாள் காலை அவரை பஸ்ஸில் ஏற்றிவிட லயமே கூட வந்தது. இரவு முழுக்கப் பெய்த மழையில் பாதை சேறும் சகதியுமாக இருந்தது. பார்த்தால், பிள்ளைகள் எல்லோரும் புதுச் செருப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் நடந்து வருகிறார்கள்.

அன்ரி நின்றுவிட்டார். காலில் போடுங்கோ என்றார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். புதுசு, சேத்துல கெட்டுப் போயிரும் என்று ஒரு சின்னப் பெண் விளக்கினாள். அவர் கோபத்தோடு இரண்டடி வைத்தார்; சறுக்கியது. லெச்சுமியின் தாய் பிடித்துக்கொண்டார். இன்னும் இரண்டடி, திரும்பவும் சறுக்கியது. கீழே பாதை செங்குத்தாக இறங்கியது. செருப்பைக் கழட்டுங்கம்மா, இல்லாட்டி இடுப்பு ஒடிஞ்சிரும் என்றார் அந்த அம்மா.

அவர் குனிந்து சேற்றைப் பார்த்தாராம். கனநேரம் பார்த்தாராம். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, ஒவ்வொரு செருப்பாகக் கழட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, முதலில் ஒரு காலையும் பிறகு மற்றக் காலையும் சேற்றுக்குள் வைத்தார். விரல்களுக்கிடையால் சேறு பிதுங்கி வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"இப்பக் கால் புடிக்குதுங்களா, அம்மா?" என்று லெச்சுமியின் தாய் கேட்டார்.

"ஓம்," என்றாராம் அன்ரி. "இப்ப பிடிக்குது."